நீக்கிய பெயர் எங்கே தங்கியிருக்கிறது? செய்தித்தளங்களுக்கான கேஷ், வெக்டர் தேடல் கருவிகள்: ஓர் ஒப்பீடு

கடந்த வருடம் ஒரு மாலை, நான் பகுதிநேரமாகத் தொழில்நுட்ப வேலைகளைப் பார்த்துக்கொடுக்கும் ஒரு சிறிய செய்தித்தளத்தின் ஆசிரியருக்கு வன்னியிலிருந்து அழைப்பு ஒன்று வந்தது. காணாமல் ஆக்கப்பட்ட தன் தம்பியைப் பற்றி எங்களுடன் பேசியிருந்த ஓர் அக்கா. கட்டுரை வெளியான பிறகு முன்பின் தெரியாத இருவர் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். “என்ர பேரையும் ஊரையும் எடுத்துவிடுங்கோ” என்றார். பத்து நிமிடத்துக்குள் ஆசிரியர் இரண்டையும் நீக்கிவிட்டார். மறுநாள் காலை அவர் திரும்பவும் அழைத்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தொலைபேசியில் தன் பெயர் இன்னும் தெரிகிறதாம்.

தரவுத்தளத்தில் பெயர் இல்லை, நானே பார்த்தேன். கட்டுரைப் பக்கத்திலும் இல்லை. ஆனால் முகப்புப் பக்கத்தில் வரும் சுருக்கத்திலும், வேறு இரண்டு கட்டுரைகளின் அடியில் வரும் ‘தொடர்புடைய கட்டுரைகள்’ பெட்டியிலும் இருந்தது. அந்தப் பக்கங்களைச் சேர்வர் முன்கூட்டியே தயாரித்து நினைவகத்தில் வைத்திருந்தது. 24 மணித்தியாலம் அதையே கொடுக்கும்படி சொல்லிவைத்தவன் நான்தான்.

மூன்று மாதங்கள் கழித்து அதே தளத்தின் பழைய கட்டுரைகளுக்கு வெக்டர் தேடல் வசதியைப் பரீட்சித்துப் பார்த்தோம். தம்பியைத் தேடும் சகோதரி என்ற பொருளில் ஒரு வரியைத் தட்டினேன். முதலாவதாக வந்தது அந்த அக்காவின் பந்தி, பெயருடனும் ஊருடனும். இன்டெக்ஸைத் தயாரிக்க நான் எடுத்திருந்தது பழைய பேக்கப் பிரதி. நல்ல வேளையாக அது இன்னும் வாசகர்களுக்குத் திறந்துவிடப்படவில்லை.

கேஷ் கருவிகளையும் வெக்டர் தேடல் கருவிகளையும் ஒப்பிடும் பட்டியல்கள் இணையத்தில் ஏராளம். அநேகமானவை வேகத்தையே அளக்கின்றன. விநாடிக்கு இத்தனை இலட்சம் கோரிக்கைகள், இத்தனை மில்லி விநாடிகள் என்று. எங்களைப் போன்ற தளங்களுக்கு அது இரண்டாவது கேள்வி. கேஷும் சரி, வெக்டர் இன்டெக்ஸும் சரி, மூலத்தின் பிரதிகள். மூலத்தில் ஒன்றை நீக்கினால் பிரதிகளிலிருந்து அது எப்போது நீங்கும் என்பதுதான் நான் முதலில் கேட்கும் கேள்வி. இந்த ஒப்பீட்டை அந்தக் கேள்வியை வைத்தே எழுதுகிறேன்.

கேஷ்: மெம்கேஷ்ட், ரெடிஸ், வல்கீ

மே 18, நவம்பர் 27 போன்ற நாட்களில் ஒரு சிறிய தமிழ்ச் செய்தித்தளத்துக்கு வழமையைவிடப் பல மடங்கு வாசகர்கள் வருவார்கள். ஒவ்வொருவருக்கும் தரவுத்தளத்தைத் தட்டியெழுப்பிப் பக்கத்தைப் புதிதாகத் தயாரித்தால் சேர்வர் படுத்துவிடும். ஒருமுறை தயாரித்த பக்கத்தை ரேமில் வைத்து, அடுத்தவருக்கும் அதையே கொடுப்பதுதான் கேஷ். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சாவி உண்டு. சாவியைக் கொடுத்தால் பொருள் வரும். பொருளுக்கு ஆயுட்காலமும் குறிக்கலாம்.

மெம்கேஷ்ட் இந்த வேலையை மட்டும் செய்யும் பழைய கருவி. 2003இல் லைவ்ஜேர்னல் தளத்துக்காக பிராட் ஃபிட்ஸ்பட்ரிக் உருவாக்கியது. சாவி, பொருள், ஆயுட்காலம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. இயல்பு அமைப்பில் ஒரு பொருள் 1 மெகாபைட்டுக்கு மேல் இருக்க முடியாது, மொத்த நினைவகம் 64 மெகாபைட். இடம் நிரம்பினால் நீண்ட நேரம் தொடப்படாதவற்றைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதற்கு இடம் கொடுக்கும். வழமையான அமைப்பில் சேர்வரை நிறுத்தித் தொடங்கினால் எல்லாம் போய்விடும். இதைக் குறையாக எழுதுபவர்கள் உண்டு. எனக்கு இது நிறையாகவே தெரிகிறது. மறக்கத் தெரிந்த கருவி அது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு கட்டுரை திருத்தப்பட்டால், அந்தக் கட்டுரை தலைகாட்டும் மற்றப் பக்கங்கள் எவை என்று மெம்கேஷ்டிடம் கேட்க முடியாது. அதற்கு அந்தத் தொடர்பு தெரியாது. சாவிகளின் பெயரில் ஒரு பதிப்பு இலக்கத்தைச் சேர்த்து, திருத்தம் நடக்கும்போது இலக்கத்தைக் கூட்டுவது வழக்கமான தந்திரம். பழைய சாவிகளை அதன்பின் யாரும் கேட்கமாட்டார்கள். அவை நினைவகத்தில் கிடந்து காலப்போக்கில் வெளியேறும்.

ரெடிஸ் 2009இல் இத்தாலியரான சல்வத்தோரே சன்ஃபிலிப்போ எழுதியது. இணையத்தளங்களின் வருகைப் பதிவுகளை உடனுக்குடன் ஆராயும் தன்னுடைய சேவை ஒன்றுக்காகவே அதைத் தொடங்கினார். இதில் வெறும் பொருள் மட்டுமல்ல, பட்டியல், தொகுதி, தரவரிசைப் பட்டியல் எனப் பல வடிவங்களை வைக்கலாம். எங்கள் பிரச்சினைக்குத் தீர்வு அந்தத் ‘தொகுதி’யில்தான் கிடைத்தது. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு தொகுதி. முகப்புப் பக்கம் தயாராகும்போது அதில் எந்தெந்தக் கட்டுரைகள் வருகின்றனவோ, அவற்றின் தொகுதிகளில் முகப்புப் பக்கத்தின் சாவி சேர்க்கப்படும். ‘தொடர்புடைய கட்டுரைகள்’ பெட்டிக்கும் அப்படியே. கட்டுரை திருத்தப்பட்டால் அதன் தொகுதியிலுள்ள சாவிகள் எல்லாம் ஒரே தடவையில் அழிக்கப்படும். எழுத வேண்டிய நிரல் ஐம்பது வரிகூட வராது.

ஆனால் ரெடிஸின் இயல்பு அமைப்பு ஒரு கேஷுக்கு உரியதல்ல. நினைவகத்துக்கு உச்ச வரம்பு குறிக்கப்பட்டிருக்காது. வரம்பு குறித்தாலும், நிரம்பியவுடன் பழையதை வெளியேற்றாமல் புதியதை எழுத மறுக்கும். கேஷாகப் பாவிப்பதென்றால் நீண்ட நேரம் தொடாததை வெளியேற்றும்படி நாம்தான் மாற்றிவிட வேண்டும். இன்னொன்று, ரெடிஸ் இயல்பாகவே நினைவகத்தின் படப்பிரதியை இடைக்கிடை வட்டில் எழுதிவைக்கும். விரும்பினால், எழுதும் கட்டளை ஒவ்வொன்றையும் ஒரு பதிவேட்டில் சேர்த்துக்கொண்டும் போகும். ஒரு பக்கத்தை அழித்தாலும், அந்தப் பதிவேடு மறுபடி சுருக்கி எழுதப்படும் வரை பழைய உள்ளடக்கம் அதில் இருக்கும். மின்சாரம் போனால் தரவு தப்ப வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட நல்ல ஏற்பாடு. நீக்கச் சொன்ன பெயருக்கு அது ஒளிந்துகொள்ள இன்னோர் இடம். கேஷுக்கு மட்டும் ரெடிஸை வைத்திருப்பவர்கள் இரண்டையும் நிறுத்திவிடலாம்.

இனி உரிமம் பற்றிய கதை. 15 வருடங்களாக ரெடிஸ் எவரும் எப்படியும் பாவிக்கக்கூடிய பி.எஸ்.டி. உரிமத்தில் இருந்தது. 2024 மார்ச் 20ஆம் திகதி, அதை நடத்தும் நிறுவனம் உரிமத்தை மாற்றுவதாக அறிவித்தது. பெரிய மேகக்கணிமை நிறுவனங்கள் தங்கள் உழைப்பை விற்றுச் சம்பாதிக்கின்றன என்பது அவர்களது நியாயம். எட்டு நாட்களில், மார்ச் 28ஆம் திகதி, லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வல்கீ பிறந்தது. ரெடிஸ் 7.2.4 பதிப்பிலிருந்து பிரிந்த கிளை. அமேசன், கூகுள், ஒரக்கிள், எரிக்சன் போன்றவை பின்னால் நின்றன. 2020இல் விலகிப்போன சன்ஃபிலிப்போ 2024இன் இறுதியில் ரெடிஸுக்குத் திரும்பினார். 2025 மே மாதம் வெளிவந்த ரெடிஸ் 8 ஏ.ஜி.பி.எல். என்ற திறமூல உரிமத்தையும் ஒரு தெரிவாகச் சேர்த்துக்கொண்டது. சொந்த சேர்வரில் பக்கங்களைச் சேமிக்கும் செய்தித்தளத்துக்கு இவற்றில் எந்த உரிமமும் இடைஞ்சல் அல்ல. ஆனாலும் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் வல்கீயைச் சொல்வேன். கட்டளைகள் அதேதான், உரிமம் பழைய பி.எஸ்.டி., ஒரு நிறுவனத்தின் மனமாற்றத்தில் தங்கியிருக்க வேண்டியதில்லை.

மூன்றுக்கும் பொதுவான ஓர் எச்சரிக்கை. இவற்றை இணையத்துக்குத் திறந்து வைக்கவே கூடாது. 2018 பெப்ரவரி 28ஆம் திகதி கிட்ஹப் தளத்தின் மீது விநாடிக்கு 1.35 டெராபிட் அளவில் நடந்த தாக்குதலுக்குப் பாவிக்கப்பட்டவை, யார் யாரோ திறந்து வைத்திருந்த மெம்கேஷ்ட் சேர்வர்கள். ரெடிஸ் 2016இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து, கடவுச்சொல் இல்லாமல் திறந்து கிடந்தால் வெளியிணைப்புகளை மறுக்கிறது. அந்தப் பாதுகாப்பை நிறுத்திவிடச் சொல்லும் ‘எளிய வழிகாட்டி’களை நானும் ஒரு காலத்தில் பின்பற்றியிருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரே ‘கொ’, இரண்டு சாவிகள்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒப்பீடுகளில் வராத விடயம் ஒன்றுண்டு. ‘யாழ்ப்பாணம்’ என்ற சொல் நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. யுனிகோட்டில் அது 11 குறியீடுகள். யு.டி.எஃப். 8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 33 பைட். இணைய முகவரியில் வரும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியுடன் மூன்று எழுத்தாக விரியும், 99 எழுத்துகள். மெம்கேஷ்டில் சாவியின் உச்ச நீளம் 250 பைட். தமிழ்த் தலைப்பை முகவரியாகக் கொண்ட பக்கத்தின் முழு முகவரியை அப்படியே சாவியாகக் கொடுத்தால், 27 குறியீடுகளுக்குள், அதாவது மூன்று நான்கு சொற்களுக்குள், வரம்பு முடிந்துவிடும். அதற்கு மேற்பட்ட பக்கங்கள் கேஷில் ஏறவே மாட்டா. தளம் ஏன் மெதுவாக இருக்கிறது என்று காரணம் தேடிக்கொண்டிருப்போம். முகவரியை ஹேஷ் செய்து குறுகிய சாவியாக்குவதுதான் வழி. ரெடிஸிலும் வல்கீயிலும் இந்த வரம்புத் தொல்லை இல்லை. சாவி 512 மெகாபைட் வரை போகலாம்.

அடுத்தது இன்னும் நுட்பமானது. ‘கொழும்பு’ என்பதன் முதலெழுத்தை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துடன் ‘ொ’ என்ற ஒற்றைக் குறியீடு. அல்லது ககரத்துடன் ‘ெ’, பின்னர் ‘ா’ என்று இரண்டு குறியீடுகள். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள், வேறு வேறு சாவிகள். எந்த விசைப்பலகையில் தட்டினீர்கள், எந்த மாற்றியில் பாமினியிலிருந்து யுனிகோட்டுக்கு மாற்றினீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டில் ஒன்று வரும். ‘கொழும்பு’ என்ற குறிச்சொல்லின் பக்கம் கேஷில் இரண்டு தடவை இருக்கும். ஒன்றை அழித்தால் மற்றது உயிரோடிருக்கும். சாவி உருவாக்கும் முன் எல்லாவற்றையும் என்.எஃப்.சி. என்ற யுனிகோட் சீராக்கத்துக்கு உட்படுத்தினால் இரண்டும் ஒன்றாகும். எந்த நிரல்மொழியிலும் ஒரு வரி வேலை. ஆனால் ‘பௌத்த’ என்பதை ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகரம் போட்டு ‘பெளத்த’ என்று தட்டும் பழக்கத்தை என்.எஃப்.சி.யும் திருத்தாது. அதற்குத் தனியாக விதி எழுத வேண்டும். ‘தெளிவு’ போன்ற சொற்களில் அந்த ளகரம் உண்மையான ளகரம் என்பதால் கண்மூடித்தனமாக மாற்றவும் முடியாது. இந்தச் சீராக்கம் தேடலுக்கும் அதேயளவு தேவை.

வெக்டர்: பொருளைத் தேடுதல்

வெக்டர் என்றால் நாங்கள் உயர்தரத்தில் படித்த ‘காவி’தான். ஒரு பந்தியை மொழி மாதிரி ஒன்றுக்குக் கொடுத்தால், அது சில நூறு அல்லது சில ஆயிரம் எண்களின் வரிசையாகத் திருப்பித் தரும். பொருளால் நெருங்கிய பந்திகளின் எண்வரிசைகள் ஒரே திசையை நோக்கியிருக்கும். தேடும் வரியையும் அவ்வாறே எண்களாக்கி, அதற்கு மிக நெருங்கிய பந்திகளைக் கண்டுபிடிப்பது வெக்டர் தேடல். ‘மீள்குடியேற்றம்’ என்று தேடினால் ‘சொந்தக் காணிக்குத் திரும்பினோம்’ என்ற பந்தியும் வரும். முகாமில், முகாமிலிருந்து, முகாம்களுக்கு என்று வேற்றுமை உருபுகள் ஒட்டிக்கொள்ளும் மொழிக்கு இது பெரிய விடுதலை.

தமிழ் தெரிந்த திறமூல மாதிரிகள் உண்டு. மைக்ரோசொஃப்டின் மல்டிலிங்குவல் ஈ5 சிறிய வடிவில் 384 எண்களும் பெரிய வடிவில் 1,024 எண்களும் தரும். பி.ஜி.ஈ. எம்3 தருவதும் 1,024. ஒப்பன் ஏஐயின் மாதிரிகள் 1,536, 3,072 எண்கள் தருகின்றன. ஆனால் பந்தியை அவர்களுடைய சேர்வருக்கு அனுப்ப வேண்டும். வெளியாகாத நேர்காணல்களை அப்படி அனுப்ப நான் தயாரில்லை. ஈ5 சிறிய மாதிரி சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும்.

“எண்கள்தானே, அதிலென்ன இரகசியம்?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். 2023இல் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை ஒன்று அதற்குப் பதில். ஆங்கில வாசகங்களின் எண்வரிசையை மட்டும் வைத்து, 32 டோக்கன் நீளமுள்ள வாசகங்களில் 92 சதவீதமானவற்றை அவர்கள் சொல்லுக்குச் சொல் மீட்டெடுத்தார்கள். மருத்துவக் குறிப்புகளிலிருந்து நோயாளர்களின் முழுப் பெயர்களும் வந்தன. எனவே கட்டுரையில் பெயரை நீக்கிவிட்டு அதன் பழைய வெக்டரை விட்டுவைத்தால், பெயர் நீங்கியதாகச் சொல்ல முடியாது.

அளவைக் கணக்குப் பார்ப்போம். ஒரு தளத்தில் 25,000 கட்டுரைகள். ஒவ்வொன்றையும் ஆறு துண்டாக்கினால் 150,000 துண்டுகள். 1,024 எண்கள், எண்ணுக்கு 4 பைட் என்றால் சுமார் 614 மெகாபைட். 384 எண்கள் என்றால் 230 மெகாபைட். பத்து வருடப் பழமையுள்ள தமிழ்ச் செய்தித்தளத்தின் மொத்த ஆவணக்காப்பகமும் ஒரு மலிவான சேர்வரின் ரேமுக்குள் அடங்கிவிடும். நூறு கோடி வெக்டர்களுக்கென்று செய்யப்பட்ட கருவிகளின் விளம்பரத்தைப் படிக்கும்போது இந்தக் கணக்கை நினைவில் வைத்திருப்பது நல்லது.

நெருங்கியதைக் கண்டுபிடிக்க ஒவ்வொன்றுடனும் ஒப்பிட்டுப் பார்ப்பது நேர்வழி. துல்லியமானது, ஆனால் தொகை கூடக்கூட மெதுவாகும். அதனால் அநேகமான கருவிகள் எச்.என்.எஸ்.டபிள்யூ. என்ற முறையைப் பாவிக்கின்றன. 2016இல் மல்கோவ், யஷுனின் என்ற இரு ரஷ்ய ஆய்வாளர்கள் முன்வைத்தது. வெக்டர்களைத் தமக்கு அருகிலுள்ளவற்றுடன் இணைத்து அடுக்கடுக்கான வலையாக்குவார்கள். மேலடுக்கில் தூரத்துப் பாய்ச்சல், கீழே இறங்க இறங்கச் சிறு அடிகள். முதலில் ஏ9 வீதியில் போய் பிறகு ஒழுங்கைக்குள் திரும்புவது மாதிரி. வேகமானது, ஆனால் சிலவேளை சரியான பதிலொன்றைத் தவறவிடும். அந்த வலையிலிருந்து ஒரு முடிச்சை அவிழ்ப்பது இலகுவல்ல என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

வெக்டர் கருவிகள்

ஃபெய்ஸ், பேஸ்புக்கின் ஆய்வுப் பிரிவு 2017இல் வெளியிட்டது. இது தரவுத்தளம் அல்ல, ஒரு நிரல் நூலகம். வேகத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் எச்.என்.எஸ்.டபிள்யூ. இன்டெக்ஸிலிருந்து ஒரு வெக்டரை நீக்கும் வசதியே கிடையாது. முழுவதையும் மீண்டும் கட்ட வேண்டும். நான் முதலில் பரீட்சித்தது இதைத்தான். அந்த அக்காவின் பந்தியை எடுக்க முயன்றபோதுதான் இது எனக்குத் தெரியவந்தது.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துடன் இணையும் பிஜிவெக்டர் 2021இல் அண்ட்ரூ கேன் எழுதியது. எச்.என்.எஸ்.டபிள்யூ. வசதி 2023இல் வந்தது. இதன் பெரிய பலம், கட்டுரையும் அதன் வெக்டரும் ஒரே தரவுத்தளத்தில் இருப்பது. கட்டுரையைத் திருத்தும் அதே பரிவர்த்தனையில் பழைய துண்டுகளை அழித்துப் புதியவற்றைச் சேர்க்கலாம். இரண்டும் நடக்கும் அல்லது இரண்டும் நடக்காது. நிறுத்திவைக்கப்பட்ட கட்டுரையை மறைக்க வேண்டுமானால் தேடல் கட்டளையில் ஒரு நிபந்தனை போதும், வேறெங்கும் நகல் எடுத்து வைக்க வேண்டியதில்லை. அழித்த வரிகள் வட்டிலிருந்து உண்மையில் அகல்வது பின்னர் நடக்கும் துப்புரவு வேலையில்தான் என்றாலும் எந்தத் தேடலிலும் அவை வெளியே வராது.

பலவீனங்களும் உண்டு. சாதாரண வெக்டர் வகைக்கு 2,000 எண்கள் வரையே இன்டெக்ஸ் போடலாம். பாதியளவு துல்லிய வகைக்கு 4,000. வடிகட்டலும் சிக்கலானது. இயல்பு அமைப்பில் இன்டெக்ஸ் 40 அயல்களைத்தான் எடுத்துவரும், நிபந்தனை அதன் பிறகுதான் பார்க்கப்படும். முல்லைத்தீவு மாவட்டச் செய்திகள் மட்டும் வேண்டும் என்று கேட்கிறீர்கள், அவை மொத்தத்தில் பத்தில் ஒன்று என்றால், சராசரியாக நான்கு முடிவுகளே மிஞ்சும். 2024இல் வந்த 0.8 பதிப்பு, போதியளவு கிடைக்கும்வரை தொடர்ந்து தேடும் வசதியைச் சேர்த்தது. அதை நாம் இயக்கிவிட வேண்டும். சிறிய தொகுப்பென்றால் இன்டெக்ஸே இல்லாமல் நேர்வழியில் தேடவிடலாம்; பிஜிவெக்டரின் இயல்பு நிலையும் அதுதான்.

குவாட்ரன்ட், ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட தனி வெக்டர் தரவுத்தளம். வலையில் நடக்கும்போதே நிபந்தனையையும் பார்த்துக்கொண்டு போகும். வடிகட்டலில் எனக்குப் பிடித்தது இதுவே. நீக்குவதும் நேரடியானது. ஆனால் மூலத் தரவுத்தளத்திலிருந்து பிரிந்து நிற்பதால், திருத்தம் நடந்த செய்தியை அதற்கு நாம்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்தத் தகவல் வழியில் தொலைந்தால் பழைய பந்தி அங்கேயே இருக்கும். மில்வஸ், வீவியேட் ஆகியவற்றுக்கும் இதே கதை. மில்வஸ் முழு வடிவில் பல துணைச் சேவைகளுடன் வரும், ஒருவர் பராமரிக்கும் தளத்துக்கு அது யானை. பைன்கோனை உங்கள் சேர்வரில் நிறுவ முடியாது, டொலரில் கட்டணம் கட்ட வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவைச் சுற்றியிருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியதைப் பார்த்த எவருக்கும் டொலர் மாதக்கட்டணம் என்றால் வயிற்றைக் கலக்கும்.

ரெடிஸும் இந்தப் பக்கம் வந்திருக்கிறது. ரெடிஸ் 8இல் சன்ஃபிலிப்போ உருவாக்கிய ‘வெக்டர் தொகுதி’ என்ற புதிய வடிவம் உண்டு. இயல்பாகவே எண் ஒன்றை ஒரு பைட்டாகச் சுருக்கி வைப்பதால் எங்கள் 614 மெகாபைட் ஏறக்குறைய 154 ஆகிவிடும், வலையின் இணைப்புகள் தனி. ஓர் உறுப்பை நீக்கினால் அது உடனேயே நினைவகத்திலிருந்து போய்விடும். வல்கீயில் வெக்டர் தேடலுக்குத் தனி மொட்யூல் சேர்க்க வேண்டும். மெம்கேஷ்டில் அந்தப் பேச்சே இல்லை.

கணினி ஒன்றிலேயே ஆராய்ச்சி செய்யும் ஊடகவியலாளருக்கு எஸ்கியூலைட்வெக் போதும். 2024இல் வந்தது, எல்லாம் ஒரே கோப்புக்குள். கோப்பை மறைகுறியாக்கிய பென்டிரைவில் வைத்துக்கொண்டு போகலாம், அழித்தால் அழிந்தது.

‘போனோர்’, ‘ஆக்கப்பட்டோர்’

வெக்டர் தேடலைக் கொண்டாடுபவர்களிடம் நான் காட்டும் சோதனை ஒன்றுண்டு. ‘காணாமல் போனோர்’ என்று தேடினாலும் ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்று தேடினாலும் ஏறக்குறைய ஒரே பந்திகளே வரும். மாதிரிக்கு அவை ஒரே பொருள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தெருவோரப் போராட்டத்தைத் தொடங்கிய உறவுகளுக்கு அவை ஒன்றல்ல. தங்கள் பிள்ளைகள் தாமாகப் போகவில்லை என்பதுதான் அவர்களது முழுக் கோரிக்கையும். எந்த ஊடகம் எந்த ஆண்டில் எந்தச் சொல்லைப் பாவித்தது என்று ஆராய விரும்புபவருக்கு வெக்டர் தேடல் அந்த வேறுபாட்டை அழித்துவிடும். ஆட்பெயர், இலக்கம், திகதி ஆகியவற்றிலும் அது தடுமாறும்.

எனவே சொல் தேடலைக் கைவிட முடியாது. போஸ்ட்கிரெஸில் 2019இன் 12ஆம் பதிப்பிலிருந்து தமிழுக்கான அடிச்சொல் பிரிப்பான் இருக்கிறது. குறைபாடுகள் உள்ளதுதான், ஆனாலும் உருபுகளைக் கழற்றிப் பார்க்கும். இரண்டு தேடல்களையும் ஓடவிட்டு முடிவுகளைச் சேர்க்கலாம். நாங்கள் ‘இதே சொல்’, ‘இதே பொருள்’ என்று இரண்டு பொத்தான்கள் வைத்தோம். வாசகர் தான் எதைத் தேடுகிறார் என்பதைத் தெரிந்து தேடட்டும்.

இந்த இடத்தில் கேஷும் வெக்டரும் சந்திக்கும் ஒரு புதிய பழக்கத்தையும் சொல்ல வேண்டும். கேள்வி பதில் பொறிகளில், வந்த கேள்வியின் வெக்டர் முன்பு வந்த ஒரு கேள்விக்கு மிக நெருக்கமாக இருந்தால், பழைய பதிலையே கேஷிலிருந்து கொடுத்துவிடுவார்கள். செலவு மிச்சம். காணாமல் போனோர் அலுவலகத்தை அமைத்தது 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். வலிந்து காணாமல் ஆக்கப்படுவதைக் குற்றமாக்கியது 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம். முதலாவதைப் பற்றிக் கேட்டவருக்குத் தயாரான பதில், இரண்டாவதைப் பற்றிக் கேட்பவருக்கும் போய்ச் சேர எல்லா வாய்ப்பும் உண்டு. விடுதி முன்பதிவுக்கு இது பரவாயில்லை. சட்டம், மருந்து, ஆள் அடையாளம் சம்பந்தப்பட்ட எதற்கும் நான் இதைப் போடமாட்டேன்.

கடைசியில் என்ன செய்தோம்

போஸ்ட்கிரெஸ், அதற்குள் பிஜிவெக்டர், முன்னால் 256 மெகாபைட் வரம்புடன் வட்டில் எதுவும் எழுதாத வல்கீ. பக்கங்களின் ஆயுட்காலம் 24 மணித்தியாலத்திலிருந்து பத்து நிமிடமாகக் குறைந்தது. கூட்டம் அலைமோதும் நாட்களிலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பக்கத்தைத் தயாரிப்பது தரவுத்தளத்துக்குப் பாரமே இல்லை. ஆயுள் முடியும் கணத்தில் எல்லாக் கோரிக்கைகளும் ஒன்றாகப் பாயாமல், ஒன்று மட்டும் தயாரிக்க மற்றவை காத்திருக்கும்படி செய்தால் போதும். ஆசிரியரின் திரையில் ‘உடனடி நீக்கம்’ என்று ஒரு பொத்தான். அது கட்டுரையையும் அதன் துண்டுகளையும் வெக்டர்களையும் திருத்தி, தொகுதியிலுள்ள சாவிகளை அழித்து, இடையிலுள்ள சி.டி.என். சேவைக்கும் அந்த முகவரிகளை நீக்கச் சொல்லி அனுப்பும். பேக்கப் பிரதியிலிருந்து எதையாவது மீட்டெடுத்தால், நீக்கல் பட்டியல் அதன் மீது மறுபடி ஓடும். பட்டியலில் கட்டுரை இலக்கமும் பந்தி இலக்கமும் மட்டுமே இருக்கும். நீக்கிய பெயர்களை எழுதிவைத்த பட்டியல் எல்லாவற்றையும்விட ஆபத்தானது.

இவையெல்லாம் எங்கள் சேர்வருக்குள். வாசகரின் தொலைபேசியில் ஏற்கெனவே இறங்கிய பக்கத்தைத் திருப்பி எடுக்க முடியாது; அதை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்று முன்கூட்டியே குறுகிய காலம் குறித்துவிடலாம், அவ்வளவுதான். கூகுள் தன் கேஷ் பக்க இணைப்புகளை 2024இல் நிறுத்திவிட்டது. ஆனால் தேடல் முடிவின் கீழ் வரும் இரண்டு வரிச் சுருக்கம், அவர்கள் மறுபடி வந்து பார்க்கும் வரை பழையதாகவே இருக்கலாம். காலாவதியான உள்ளடக்கத்தை அகற்றக் கோரும் படிவம் அதற்கென்று உண்டு.

அந்தப் படிவத்தை நிரப்பிவிட்டு அக்காவுக்கு அழைப்பெடுத்தேன். எல்லா இடத்திலும் எடுத்தாயிற்று, கூகுளில் மட்டும் சில நாள் பிடிக்கலாம் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். “தம்பின்ர பேரை எடுக்கேல்லத்தானே?” என்று கேட்டார். இல்லை அக்கா, அது அப்படியேதான் இருக்கிறது என்றேன். “அது இருக்கட்டும்” என்றார்.